தையல்காரர் வீட்டுக் காற்றுமணி

தையல்காரருக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. வராது என்றால் சுத்தமாக வராது. பாதி நேரம் வாயில் குண்டூசிகள் இருக்கும். மீதி நேரமும் இருக்கிற மாதிரியே உதட்டை மூடிப் பேசிப் பழகிவிட்டார். அளவு கொடுக்க வருகிறவர்கள், "என்ன சொன்னீங்க?" என்று காதை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கல்யாணமான புதிதில் அவர் பெண்டாட்டி, "எங்க வீட்ல எல்லாரும் தொண்டை கிழியக் கத்துவாங்க. நீங்க பேசினாத்தான் கேக்கணும்போல இருக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். ஓர் ஆம்பிளைக்கு அது போதாதா? அதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார் மனுஷன்.

அவளுக்குத் தகர டப்பா கம்பெனியில் வேலை. மூடி அடிக்கிற பிரஸ் மிஷின். தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து அச்சு இறங்கி ஓர் அறை அறையும், மூடி கீழே விழும். அடுத்த தகடு, அடுத்த அறை. வரிசையாக மிஷின்கள், வரிசையாகப் பெண்கள். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, கையால்தான் பேச்சு. டீக்கு ஒரு சைகை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு சைகை, அவர் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதற்குத் தனியாக ஒரு சைகை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அவள் உடம்பெல்லாம் மிஷின் எண்ணெய் வாசம் வீசும். வந்ததும் முகம் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அதற்குள் இவர் டீ போட்டு வைப்பார்.

பிள்ளைகள் இல்லை. எதிர்வீட்டில் தையல்காரரின் தங்கச்சி இருந்தாள். கல்யாணமாகி எதிர்வீட்டுக்கே வந்தவள். அண்ணன் வீட்டு விவகாரம் எதுவும் தன் ஜன்னலுக்குத் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்கிறவள்.

கொஞ்ச காலமாக வீட்டில் ஒரு மாற்றம். இவர் எது சொன்னாலும் பெண்டாட்டி 'ம்' என்றாள். வெயில் ஜாஸ்தி என்றாலும் 'ம்', பல் வலிக்கிறது என்றாலும் 'ம்'. சில சமயம் அதுவும் கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். டீ குடிக்க வந்த தங்கச்சி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள். பார்த்தால் சும்மா இருப்பாளா?

"என்னண்ணே, அண்ணி உன் பேச்சைக் காதுலயே போட்டுக்கறதில்லயே?"

"வேலை அலுப்பா இருக்கும்."

"அலுப்பாம் அலுப்பு! எனக்கு மட்டும் அலுப்பு இல்லயா? எங்க வீட்டுக்காரரு தும்மினாக்கூட நான் திரும்பிப் பாக்கறேன். மனசு இங்க இருந்தாத்தானே காது இங்க இருக்கும்."

சொன்னாள், டீயைக் குடித்தாள், போய்விட்டாள். தையல்காரருக்கு அன்றைக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் காற்றுமணி ஆசை வந்தது பெண்டாட்டிக்கு. ஒரு லீவு நாளில் திடீரென்று, "வாசல்ல ஒரு காத்துமணி மாட்டணும்ங்க. பெருசா" என்றாள். நகை கேட்டதில்லை, துணி கேட்டதில்லை. துணிதான் வீட்டிலேயே இருக்கிறதே. இப்போது மணி கேட்கிறாள். வாயைத் திறந்து கேட்டாளே என்று இவரும் கிளம்பினார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பட்டறை. இரும்பு, பித்தளை, அலுமினியம் என்று வெட்டி மிஞ்சின குழாய்கள் சுவர் ஓரம் சாத்தியிருந்தன. பட்டறைக்காரரை ஊரே குழாய்க்காரர் என்றுதான் கூப்பிடும். தோள் அகலமான ஆள். அறுப்பு மிஷினை நிறுத்திவிட்டு வந்தவர், அதை நிறுத்தினதை மறந்துவிட்டவர் மாதிரி அதே உச்சக் குரலில் பேசினார்.

"வாங்க வாங்க! தங்கச்சிக்கு எந்த மாதிரி வேணும்? தட்டிப் பாருங்க, தட்டிப் பாருங்க! மச்சான், அந்த ஸ்டூல்ல உக்காருங்க!"

தங்கச்சியாம், மச்சானாம். பார்த்து இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் சம்பந்தம் பேசியாகிவிட்டது! தையல்காரர் ஸ்டூலில் உட்காரவில்லை.

உத்தரத்தில் மணிகள் வரிசையாகத் தொங்கின. விரல் நீளப் பித்தளைக் குழாய்கள் வைத்த ஒன்றை இவர் லேசாக ஆட்டிப் பார்த்தார். கிலுகிலு என்று அத்தனை அழகாக இருந்தது. "இது நல்லா இருக்கும்மா. தூக்கத்தைக் கெடுக்காது."

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இதுல ஒண்ணும் இல்ல" என்று நகர்ந்துவிட்டாள். அடுத்ததையும் தட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள். அதற்கடுத்தது, அதற்கடுத்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள். கடைசியில் மூலையில் தனியாகத் தொங்கிய பெரியதின் முன்னால் போய் நின்றாள். அலுமினியக் குழாய்கள், கை மொத்தம் இருக்கும். நீளமான குழாய் தையல்காரரின் நெஞ்சு உயரம். நடுவில் வட்டமான மரக்கட்டை, அதிலிருந்து கீழே காற்றுப் பிடிக்க ஒரு தகடு. தகட்டைப் பிடித்து இழுத்து விட்டாள். 'தோ...ம்' என்று அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் அப்படியே இளகிப்போயிற்று.

அந்த முகத்தைத் தையல்காரர் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அதைப் போய் ஒரு குழாய் பார்க்கிறதே என்று இருந்தது அவருக்கு.

"இதை மாட்டினா அது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?" என்றார். அவள் காதில் அது ஏறவே இல்லை.

குழாய்க்காரர் கைதட்டிச் சிரித்தார். "தங்கச்சிக்கு நல்ல காது மச்சான்! எல்லாரும் பித்தளைப் பளபளப்பைப் பாத்து மயங்கிடுவாங்க. இது சரக்கு! துளை எங்க போட்டிருக்கேன் பாருங்க. நுனியிலேருந்து கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி. அந்த எடத்துலதான் குழாய் அதிராது. அங்க கயிறு கட்டினாத்தான் மத்த எடமெல்லாம் சுதந்திரமாப் பாடும். கொஞ்சம் தள்ளித் துளை போட்டாலும் போச்சு, தகர டப்பாதான்!"

"தகர டப்பா எனக்கு வேண்டாம், அதுலதான் தினமும் உயிர் போகுது" என்றாள் அவள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒவ்வொரு வார்த்தையாக அவள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னதைத் தையல்காரர் கவனித்தார். 'ம்' ஒன்றுகூட இல்லை.

குழாய்க்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார். வாசல் கூரையின் கட்டையில் துளை போட்டு, கொக்கி முறுக்கி, சுவரில் இடிக்காமல் தள்ளித் தொங்கவிட்டார். மாட்டுகிற நேரமெல்லாம் வாய் ஓயவில்லை. மழை பெய்து விட்டதும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய் மட்டும் போடவே கூடாது, எண்ணெய் போட்டால் தூசியைப் பிடித்துக்கொண்டு சத்தம் மங்கிவிடும். கயிறு துளையில் உரசுகிற இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நார் நாராகப் பிரிந்தால் சொல்லி அனுப்பணும். புயல் காற்று என்றால் கீழ்த் தகட்டைக் கழற்றி வைத்துவிடணும். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். நடுநடுவே சிரித்தாள். என்ன ஜோக்கோ! உள்ளே கோட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்த தையல்காரர், குழாய்க்காரர் போன பிறகு மேஜையைப் பார்த்தார். இரண்டு கையும் இடதுகையாக வெட்டி வைத்திருந்தார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் செய்யாத தப்பு அது.

அன்றையிலிருந்து வீட்டில் மூன்று பேர் என்று ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் அவள் நேராக வாசலுக்குப் போவாள். முகம்கூடக் கழுவ மாட்டாள். மணிக்குக் கீழே நின்று, காற்று வருகிற வரைக்கும் காத்திருப்பாள். வராவிட்டால் தகட்டைத் தானே ஆட்டுவாள். தோம் என்றதும் ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். சாயங்காலமும் அப்படியே. முன்பெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறவள், இப்போது வாசற்படியில் போய் மணிக்குக் காத்திருந்தாள். மழை விட்டதோ இல்லையோ, இவர் கோட்டுக்கு உள்ளே வைக்கிற நல்ல துணியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, ஒவ்வொரு குழாயாக மேலிருந்து கீழே துடைத்துவிடுவாள். எனக்கு ஜுரம் வந்தபோது என் நெற்றியை இப்படித் துடைத்துவிட்டாளா என்று தையல்காரர் யோசித்துப் பார்த்தார். துடைத்திருந்தாள்தான். ஆனால் வயிறு எரிகிறவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா?

"என்னண்ணே, அண்ணி காலங்காத்தால அந்தக் குழாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது?" என்று தங்கச்சி ஜன்னலிலிருந்து ஊதிவிட்டாள். "செஞ்சவன் கைராசியோ என்னமோ."

குழாய்க்காரர் அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம், "தங்கச்சீ! எப்படிப் பாடுது?" என்று ஒரு குரல் கொடுப்பார். தெருக்கோடி நாய் எழுந்துகொள்ளும். அவள் வீட்டுக்குள் எந்த மூலையில் இருந்தாலும், "நல்லாப் பாடுதுண்ணே!" என்று ஓடி வருவாள்.

விஷயம் முற்றினது ஒரு லீவு நாள் காலையில். தையல்காரர் விரலில் ஊசி ஏறிவிட்டது. மிஷின் ஊசி, நகத்தோடு சேர்த்து. "ஏம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் வரவில்லை. "ஏம்மா, ரத்தம் வருதும்மா." அசையவில்லை. அவள் முதுகு கதவு வழியாக இவருக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை கூப்பிட வாயெடுக்கும்போது தெருவில், "தங்கச்சீ!" என்று குரல். மடித்த துணியைப் போட்டுவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி, வாசலுக்கு ஓடினாள்.

திரும்பி வந்து விரலைப் பார்த்துப் பதறத்தான் செய்தாள். "ஐயோ, கூப்பிட்டிருக்கக் கூடாதா!" என்றாள். கூப்பிட்டிருக்கக் கூடாதாவாம்! தையல்காரருக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சே வரவில்லை. வந்திருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்?

மறுநாள் அவள் கம்பெனிக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலைப் போட்டார். முதலில் கத்தரிக்கோலோடுதான் ஏறினார். கயிற்றை நறுக்கிவிட்டால் தீர்ந்தது. பிறகு யோசித்தார். கயிறு அறுந்தால் அந்த ஆளைக் கூப்பிடுவாள். அவன் வருவான், ஏறுவான், பேசுவான், இவள் சிரிப்பாள். வேண்டாம் சாமி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தார்.

நடுக்கட்டையின் சுற்றளவைப் பார்த்துக்கொண்டார். கோட்டுக் காலருக்கு அடியில் வைக்கிற தடித்த கம்பளித் துணி அவரிடம் இருந்தது. மரக்கட்டைக்கு எந்தப் பழுப்பு நிறமோ அதே பழுப்பைத் தேடி எடுத்து, பட்டையாக வெட்டி, கட்டையைச் சுற்றி இழுத்துத் தைத்தார். வெளியே நூலே தெரியாத தையல். பெரிய மனிதர்களின் கோட்டு ஓரத்துக்கு மட்டும் போடுகிற தையல் அது. கழற்றாமல், தொங்கினபடியே, கழுத்து வலிக்க வலிக்கத் தைத்தார். முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. தகட்டை இழுத்து விட்டார். கட்டை போய்க் குழாயில் மோதிற்று. தலையணையில் குத்தின மாதிரி ஒரு 'பொத்'. அதுவும் பக்கத்தில் நின்றால்தான். குழாய்க்காரன் வாயையே சேர்த்துத் தைத்துவிட்ட மாதிரி அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. அன்றைக்கு முட்டையும் ரொட்டியும் ருசித்துச் சாப்பிட்டார்.

"மணிக்கு என்னண்ணே ஆச்சு? சத்தத்தையே காணோம்?" என்றாள் தங்கச்சி ஜன்னலிலிருந்து.

"காத்து இல்ல."

தங்கச்சி தன் தலைக்கு மேல் படபடத்துக்கொண்டிருந்த திரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஜன்னலை விட்டு நகரப் போவதில்லை என்று அர்த்தம்.

சாயங்காலம் பெண்டாட்டி வந்தாள். நல்ல காற்று, மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று. முகம் கழுவிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பதில் தயாராக வைத்திருந்தார். 'ஏங்க, மணி ஏன் அடிக்கல?' என்று கேட்பாள். 'யாருக்குத் தெரியும், உன் அண்ணனைக் கேளு' என்று சொல்லிவிட வேண்டும். எத்தனை நாளாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிற வார்த்தை அது!

அவள் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். தகடு சுழன்றது, குழாய்கள் ஆடின, கட்டை ஒவ்வொரு குழாயாகப் போய் இடித்தது. காதை ஒரு விரலால் குடைந்துகொண்டாள். எழுந்தாள். தகட்டைப் பிடித்து இழுத்துக் கட்டையை நீளக் குழாயில் மோதவிட்டாள். இன்னொரு தடவை. அப்புறம் ஓங்கி ஓங்கி இழுத்து விட்டாள். குழாய் நன்றாக நடுங்குகிறது, அவளே பார்க்கிறாள். அப்படியே படியில் உட்கார்ந்து இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திப் பொத்தி எடுத்தாள்.

தையல்காரருக்கு எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று பட்டது. எழுந்து வாசலுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் உடைந்துபோயிற்று.

"போச்சுங்க. எனக்கு முழுசாப் போச்சு."

"என்னம்மா போச்சு?"

அவர் உதடு அசைவதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குக் கேக்காது. மிஷின் சத்தம் காதைத் தின்னுட்டுது. ரொம்ப நாளாவே கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருந்தது. உங்ககிட்ட சொல்லல. எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆச்சு. அதுக்கப்புறம் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல. செவிடு, செவிடுதான். அவ முன்னாலயே அவளைப் பத்திப் பேசிச் சிரிப்பாங்க, அவளும் கூடச் சேந்து சிரிப்பா. நானும் அப்படி ஆயிடுவேனோன்னு பயம்."

தையல்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடையில சின்ன மணி எதுவும் எனக்குக் கேக்கவே இல்ல. ஆடுது, சத்தம் மட்டும் இல்ல. இது ஒண்ணுதான் கேட்டுது. இது கேக்கற வரைக்கும் காது இருக்குன்னு அர்த்தம். கம்பெனி விட்டு வந்தா காது அடைச்சிருக்கும். இங்க வந்து உக்காந்து, இது கேட்டதும்தான் எனக்கு உசுரு வரும். அந்த அண்ணன் பேசினாலும் கேக்கும். அவருக்கும் பாதிக் காது இல்ல, அதான் அப்படிக் கத்தறாரு. அவரு சொல்ற ஜோக்கு ஒண்ணும் நல்லாவே இருக்காது. கேட்டுச்சேங்கற சந்தோஷத்துல சிரிப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உங்க சத்தம்தான் மொதல்ல போச்சு. எல்லாத்துக்கும் முன்னால அதுதான் போச்சு."

"இல்லம்மா" என்றார் தையல்காரர். "காது போகல. நான்தான்..."

அவள் அழுதுகொண்டே குழாய்களைப் பார்த்தாள்.

"நான்தாம்மா. துணி வச்சு..." கையைத் தூக்கிக் கட்டையைக் காட்டினார். அவளும் பார்த்தாள். பார்த்தால் என்ன தெரியும்? அவர் தைத்த தையல் அப்படி. மரக்கட்டை மரக்கட்டையாகத்தான் இருந்தது.

தையல்காரர் எழுந்து நின்றார். வயிற்றை எக்கினார். அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

"நான்தான்டி துணி சுத்தித் தச்சேன்! அந்தக் குழாய்க்காரன் மேல பொறாமைடி எனக்கு!"

தெருக்கோடி நாய் எழுந்துகொண்டது. எதிர் ஜன்னலில் தங்கச்சியின் வாய் திறந்தபடி நின்றது. பெண்டாட்டி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். கண் விரிந்தது.

"கேக்குது!" என்றாள். "ஏங்க, கேக்குதுங்க! நீங்க பேசறது எனக்குக் கேக்குது!" அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. திருடிவிட்டு மாலை மரியாதை வாங்குகிறவன் மாதிரித் தையல்காரர் நின்றார். அந்த முகம், இளகிப்போன அந்த முகம், இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது கொஞ்ச நேரம்தான். சத்தம் போய்ச் சேர்ந்த பிறகு அர்த்தம் மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. அவள் கை தளர்ந்தது. மேலே பார்த்தாள். எட்டி, கட்டையை விரலால் வருடினாள். விரல் கம்பளியில் நின்றது. நகத்தால் நோண்டிப் பார்த்தாள், ஓரம் எழும்பவே இல்லை.

திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

தையல்காரர் குனிந்துகொண்டார். "துணி வச்சுத் தச்சேன்மா. பொறாமையில" என்றார், பழைய குரலில்.

"கேக்கல."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"கேக்கல."

"அண்ணே, எங்களுக்கெல்லாம் ஒரு தடவையிலயே கேட்டுடுச்சு!" என்று எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீடுகளிலும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பெண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்டும் கேட்காத மாதிரி நிற்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதையும் தனக்கு இல்லை என்று தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.